இரண்டு பிரெஞ்சுக் காதல் படங்கள்: எதை முதலில் பார்ப்பது?

பிரெஞ்சு ரொமான்டிக் காமெடி ஒன்று போடு, ஆனால் ஈஃபில் கோபுரம், மழையில் முத்தம் எல்லாம் வேண்டாம் என்றார்கள் நண்பர்கள். மனதில் இரண்டு படங்கள் வந்தன: தோமா காயேயின் 'லே கொம்பத்தான்' (2014), ஆன்யெஸ் ஜவுயியின் 'லெ கூ தேஸோத்ர்' (2000). இரண்டுமே அவரவர் இயக்கிய முதல் முழுநீளப் படம். விருதை வைத்து முடிவெடுக்கவும் வழியில்லை. காயே படத்துக்கு பிரான்சின் திரைப்பட விருதான சேசர் மூன்று, ஜவுயி படத்துக்குச் சிறந்த படம் உட்பட நான்கு.

நான் போட்டது ஜவுயியின் படத்தை.

'லே கொம்பத்தான்' வேகமானது, இளமையானது. உலகம் அழியப்போகிறது என்று நம்பி அதற்குத் தயாராகும் மத்லேனாக அடெல் ஏனெல். தச்சு வேலை செய்யும் ஆர்னோ கடற்கரை மல்யுத்தத்தில் அவளிடம் மாட்டி, கடித்துத் தப்பிக்கிறான். காதலின் தொடக்கமே அதுதான். பிறகு அவள் பின்னாலேயே ராணுவப் பயிற்சி முகாமுக்கும் போகிறான். கடைசிப் பகுதியில் படம் காட்டுக்குள் போய் வேறு தொனிக்கு மாறுகிறது. எனக்கு அங்கே பிடி கொஞ்சம் தளர்ந்தது. வீட்டுத் திரையில்தான் பார்த்தேன். தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்தக் காடு வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மறுபடி பார்த்தால் தாங்குமா? ஆர்னோ கடிப்பதற்கு முதல் முறை வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த முறை, சரி, இப்போது கடிப்பான் என்று காத்திருந்தேன்.

ஜவுயி படத்தில் அப்படி இல்லை. தொழிலதிபர் கஸ்தெல்லா காலையில் ஆங்கிலம் கற்றுத்தர வந்த கிளாராவைச் சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாமல் அனுப்பிவிடுகிறார். மாலையில் வேண்டாவெறுப்பாக, பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் 'பெரெனிஸ்' நாடகத்துக்குப் போனால், மேடையில் அதே பெண். மனிதர் உருகிவிடுகிறார். அப்புறம் அவள் நண்பர்கள் கேலி செய்வது தன்னைத்தான் என்று புரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார். முதல் முறை நாமும் அவர்கள் பக்கம் நின்று சிரிப்போம். இரண்டாம் முறை அந்த மேசையில் உட்காரவே கூச்சமாக இருக்கும்.

காரணம், பின்னால் வரும் ஓர் உரையாடல். கிளாராவின் ஓவிய நண்பரிடம் கஸ்தெல்லா படங்கள் வாங்குகிறார். என் நண்பர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று கிளாரா எச்சரிக்கிறாள். தன்னைக் கவரத்தான் வாங்குகிறார் என்பது அவள் நினைப்பு. நம் நினைப்பும் அதுதான். பிடித்திருந்தது, வாங்கினேன் என்கிறார் அவர். கஸ்தெல்லாவாக நடிக்கும் ழான்-பியேர் பக்ரி அதை ஒரு மிகையும் இல்லாமல், சற்றே அடிபட்ட குரலில் சொல்வார். ரசனை இல்லாதவர் யார் என்ற கணக்கு அங்கே தலைகீழாகிறது. அதற்கு முன்னால் வந்த காட்சிகளை எல்லாம் மறுபடி பார்க்கத் தோன்றும்.

குறை உண்டு. பேச்சு நிறைய, சப்டைட்டிலில் கண் வைத்தே இருக்க வேண்டும். ஓட்டுநர், மெய்க்காப்பாளர், மது விடுதிப் பெண் என்று கிளைக்கதைகள் வேறு. முதல் அரைமணி நேரம் யார் யார் என்று பிடிபடாது. பாதியில் போனை எடுக்கும் கூட்டமாக இருந்தால் 'லே கொம்பத்தான்' போடுங்கள். சாப்பிட்ட கையோடு மட்டும் வேண்டாம், மத்லேன் பச்சை மீனை மிக்சியில் அடித்துக் குடிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது.