33 நிமிடத் தனிமை: எடி வெடரின் 'இன்டு தி வைல்ட்' இசைத்தொகுப்பு

முதல் பாடலின் நீளம் 1 நிமிடம் 37 விநாடி. கிதார் விரைந்து தொடங்குகிறது, தாளம் சேர்ந்துகொள்கிறது, குரல் மேலெழுகிறது. இனிப் பல்லவி மறுபடி வரும், சரணம் விரியும் என்று காது காத்திருக்கும் வேளையில் பாட்டு முடிந்துவிடுகிறது. இரண்டாவது பாடல் அதைவிட மூன்று விநாடி குறைவு. பதினொரு தடங்கள் கொண்ட இத்தொகுப்பு மொத்தமாக 33 நிமிடங்கள்தான் ஓடுகிறது. அதிலும் ஒரு பகுதி வெறும் நிசப்தம். முதல்முறை கேட்டபோது இவை முழுமை பெறாத பாடல்கள் என்றே எனக்குத் தோன்றியது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் செய்த வேலை இது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சியாட்டில் நகரில் 1990-இல் உருவான 'பேர்ல் ஜாம்' ராக் குழுவின் பாடகர் எடி வெடர். அவர் தனியாக வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு இது. அதே ஊரின் ஸ்டூடியோ எக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆடம் காஸ்பருடன் சேர்ந்து தயாரித்து, 2007 செப்டம்பர் 18 அன்று வெளியிட்டார். மூன்று நாள் கழித்து ஷான் பென் இயக்கிய அதே பெயர் கொண்ட திரைப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பெரும்பாலான கருவிகளை வெடரே வாசித்திருக்கிறார். ஐந்து பேர் கொண்ட குழுவின் இரைச்சலுக்கு நடுவே பதினாறு ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய குரலை, ஓர் அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பாடும் குரலாக இதில் கேட்கிறோம்.

படத்தின் கதை நடந்த கதை. கிறிஸ்டோபர் மெக்கேன்ட்லெஸ் என்ற இளைஞர் 1990-இல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும், தம் சேமிப்பான சுமார் 24,000 டாலரை அறக்கொடையாகக் கொடுத்துவிட்டு, வீட்டாருக்குச் சொல்லாமல் கிளம்பினார். பெயரையும் மாற்றிக்கொண்டார். இரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பின், 1992 ஏப்ரல் இறுதியில் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவை ஒட்டிய ஸ்டாம்பீட் பாதை வழியாகக் காட்டுக்குள் நடந்தார். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த 142 என்ற எண்ணுடைய பழைய பேருந்தில் தங்கினார். ஜூலையில் திரும்ப முயன்றபோது, வரும்போது எளிதாகக் கடந்த டெக்லனிகா ஆறு உருகிய பனிநீரால் பெருக்கெடுத்து ஓடியது. பேருந்துக்கே திரும்பிய அவர் ஆகஸ்டில், 24 வயதில் இறந்தார். இதை ஜான் கிராகவர் 1996-இல் நூலாக எழுதினார். அந்த நூலிலிருந்தே படம் உருவானது.

இந்தக் கதைக்கு வெடர் ஏன் பொருத்தமானவர் என்று கேட்டால், ஷான் பென்னுடனான நட்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்குப் படும் காரணம் வேறு. மெக்கேன்ட்லெஸ் தாம் பிறந்தபோது தம் தந்தை இன்னொரு குடும்பத்தோடும் பிணைப்பில் இருந்தார் என்ற உண்மையைப் பின்னாளில்தான் அறிந்தார். தம் பிள்ளைப்பருவமே ஒரு பொய்யின் மேல் கட்டப்பட்டது என்ற கசப்பு அவருக்குள் ஊறியது. வெடரோ, தம்மை வளர்த்தவரையே பெற்ற தந்தை என்று நம்பி வளர்ந்து, உண்மைத் தந்தை வேறொருவர் என்பதையும் அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்பதையும் பதின்பருவத்தில் தெரிந்துகொண்டவர். பேர்ல் ஜாமின் முதல் தொகுப்பில், 1991-இல், 26 வயது வெடர் அந்த உண்மையைத் தொண்டை கிழியப் பாடினார். அதே மாதிரியான காயத்தோடு வீட்டைவிட்டுப் போன இன்னொரு இளைஞனுக்காகப் பாடும்போது அவருக்கு வயது 42. இப்போது அவர் கத்தவில்லை. பெற்றோர் மீது பழி சொல்லும் ஒரு பாடல்கூட இதில் இல்லை. கத்தத் தெரிந்த ஒருவர் குரலைத் தாழ்த்துவதற்கும், கத்தவே தெரியாத ஒருவர் மெல்லப் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு இத்தொகுப்பு முழுவதும் காதில் விழுகிறது.

'லாங் நைட்ஸ்' பாடலை எடுத்துக்கொள்வோம். கிதாரில் விரல்கள் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்ட, வெடர் தம் குரலின் மிகக் கீழான இடத்திலிருந்து பாடத் தொடங்குகிறார். மேடையில் அவர் உயர்ந்த இடங்களுக்குத் தாவுவதையே கேட்டவர்களுக்கு இந்தக் கீழ்ஸ்தாயி புதிதாக இருக்கும். சொற்கள் மார்புக்குள்ளேயே பிறந்து, வெளியே வர மனமில்லாதவை போல ஒலிக்கின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே அவர் மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. அதை யாரும் வெட்டி எடுக்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காதொலிப்பான் வழியாகக் கேட்டால், பாடுபவர் நமக்கு ஒரு முழத் தொலைவில் இருப்பதாகவே தோன்றும். தனிமைக்கு அஞ்சாத ஒருவனைப் பற்றிய பாடலில், அச்சம் இருந்ததற்கான அடையாளம் அந்த மூச்சில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

'ரைஸ்' மாண்டலினை முன்னிறுத்திய பாடல். மாண்டலினின் இரட்டைக் கம்பிகளுக்கு இயல்பாக ஒரு படபடப்பு உண்டு. ஒரு சுரம் நின்று நீடிக்காது, நீடிக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப மீட்டியாக வேண்டும். அந்தப் படபடப்பின் மேல், அவசரமே இல்லாத ஒரு குரல் நடந்து போகிறது. மேலே எழுவதைப் பற்றிய பாடல் என்றாலும் வெடர் குரலை உச்சிக்கு ஏற்றிக் காட்டுவதில்லை. ராக் பாடகருக்கான கிராமி விருதுப் பரிந்துரை இந்தப் பாடலுக்குக் கிடைத்தது. இவ்வளவு அடக்கமாகப் பாடிய ஒன்றுக்கு அது கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தொகுப்பின் நடுவில் இருக்கும் இரண்டு பாடல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஹார்ட் சன்', 'சொசைட்டி' ஆகிய இரண்டையும் வெடர் எழுதவில்லை. முன்னது கனடாவைச் சேர்ந்த கார்டன் பீட்டர்சன், 'இண்டியோ' என்ற பெயரில் 1989-இல் வெளியிட்ட தொகுப்பில் இருந்தது. பின்னது ஜெர்ரி ஹேனன் எழுதியது. தற்செயலோ திட்டமோ, பிறர் எழுதிய இந்த இரண்டு பாடல்களில்தான் வெடருடன் இன்னொரு குரலும் சேர்ந்து ஒலிக்கிறது. 'ஹார்ட் சன்' பாடலில் ஸ்லீட்டர் கின்னி குழுவின் கோரின் டக்கர் பாடுகிறார். 'சொசைட்டி'யில் ஹேனனே கிதாரோடும் துணைக்குரலோடும் வருகிறார். சுற்றிலும் ஒற்றைக் குரல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, திடீரென இன்னொரு மனிதர் அறைக்குள் வந்துவிட்டது போன்ற உணர்வு ஏற்படுகிறது.

'ஹார்ட் சன்' இத்தொகுப்பிலேயே பெரிய உருவம் கொண்டது. 5 நிமிடம் 22 விநாடி. மற்ற பாடல்கள் தம்மைச் சுருக்கிக்கொண்ட இடத்தை எல்லாம் இதற்கு விட்டுக்கொடுத்தது போல இது விரிகிறது. தாளம் கனத்து நடக்கிறது, கிதார்கள் அடுக்கடுக்காய்ச் சேர்கின்றன, டக்கரின் குரல் வெடரின் குரலுக்கு மேலே ஏறி நின்று கூவுகிறது. சூரியன் இதில் கருணையுள்ளதும் அல்ல, கொடியதும் அல்ல. தன் பாட்டுக்குச் சுட்டெரிக்கும் பெரிய பொருள், அவ்வளவுதான். பாலை வெளியில் நின்று பாடும் இந்தப் பாடலைக் கேட்டபின் 'சொசைட்டி'யைக் கேட்டால், ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. தேவைக்கு மேல் சேர்க்கும் மனிதக் கூட்டத்திடம் விடைபெறும் பாடல் அது. சொற்கள் கொஞ்சம் நேரடியானவை, அறிவுரைக்குப் பக்கத்தில் போய் வருபவை; வெடரின் நிதானமும் ஹேனனின் துணைக்குரலும்தான் அதை அறிவுரையாகிவிடாமல் காக்கின்றன. சமூகத்தை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் பாடலை இருவர் சேர்ந்து பாட வேண்டியிருக்கிறது என்பதை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

சொற்களே இல்லாத தடங்களும் உண்டு. 'டுவாலமி' சரியாக ஒரு நிமிடம் ஓடும் கிதார் வாசிப்பு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பகுதியில் ஓடும் ஆற்றின் பெயர் அதற்கு. 'தி வுல்ஃப்' தடத்தில் குரல் இருக்கிறது, சொல் இல்லை; நீளும் சுருதியின் மேல் ஒரு ஓலம் எழுந்து அடங்குகிறது. ஷான் பென் நடித்த 1995-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக வெடர், கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானுடன் சேர்ந்து பாடியவர். சொல்லைக் கைவிட்டுச் சுரத்தை மட்டும் பற்றிக்கொண்டு பாடும் துணிவு அந்தச் சந்திப்பில் கிடைத்திருக்கலாம் என்பது என் ஊகம். 'தி வுல்ஃப்' இன்னும் இரண்டு நிமிடம் நீண்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் ஏங்குகிறேன்.

எல்லாமே நிறைவாக இல்லை. 'ஃபார் பிஹைண்ட்' பாடல் பேர்ல் ஜாம் தொகுப்பு ஒன்றிலிருந்து வழிதவறி வந்ததைப் போல் இருக்கிறது. வேகம் உண்டு, ஆனால் சுற்றியுள்ள பாடல்களின் காற்றோட்டம் அதில் இல்லை. 'எண்ட் ஆஃப் தி ரோட்' சூழலை அழகாக உருவாக்குகிறது என்றாலும் மெட்டு மனத்தில் தங்குவதில்லை. படத்தைப் பார்க்காமல் முதன்முதலாக இத்தொகுப்பைக் கேட்பவர்களுக்குத் தொடக்கத்தில் வரும் மூன்று குறும்பாடல்களும் துண்டுகளாகத் தெரியக்கூடும். அவர்களை 'லாங் நைட்ஸ்' பாடலில் தொடங்கிக் கேட்கச் சொல்வேன்.

இன்னொரு குற்றச்சாட்டையும் இங்கே பேசியாக வேண்டும். ஆயத்தமில்லாமல் காட்டுக்குப் போய் இறந்த ஓர் இளைஞனை இந்தப் படமும் இசையும் வீரனாக்கிவிட்டன என்ற கோபம் அலாஸ்காவில் பலருக்கு உண்டு. அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களில் இருவர், 2010-இலும் 2019-இலும், டெக்லனிகா ஆற்றைக் கடக்கும்போது உயிரிழந்தார்கள். பலர் மீட்கப்பட்டார்கள். கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டர் மூலம் அந்தப் பேருந்தைத் தூக்கி எடுத்துவிட்டார்கள். பின்னர் அது ஃபேர்பேங்க்ஸ் நகரில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்புக்குப் போனது. இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இசையைப் பொறுத்தவரை, அது யாரையும் காட்டுக்கு அழைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொடக்கப் பாடல்களில் இருக்கும் கிளம்பும் உற்சாகம் தடம் தடமாகக் குறைந்து, குரல் தனித்து, சொல் அற்று, பின்பு மிகுந்த களைப்போடு மீண்டும் சொல்லுக்குத் திரும்புகிறது. இதை வரிசை மாற்றாமல் கேட்டவருக்குத்தான் அந்த இறங்குமுகம் புரியும். செயலியில் பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பது இத்தொகுப்புக்குச் செய்யும் அநீதி.

கடைசியாக 'கேரண்டீட்'. சிறந்த திரைப்பாடலுக்கான கோல்டன் குளோப் விருது பெற்றது இது. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தத்தால் 2008 ஜனவரியில் அந்த விழா நடைபெறாமல், செய்தியாளர் கூட்டத்தில் பெயர்களை வாசித்தே முடித்துக்கொண்டார்கள். மேடையும் ஆரவாரமும் இல்லாத அறிவிப்பு இந்தப் பாடலுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. ஒரு கிதார், ஒரு குரல். கட்டைவிரல் கீழ்க்கம்பியில் சீராக நடக்க, மற்ற விரல்கள் மேலே சிறு மெட்டைப் பின்னுகின்றன. விரல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போது கம்பியில் எழும் சிறு உரசல் ஒலிகூட அப்படியே விடப்பட்டிருக்கிறது. வெடர் இதில் மெக்கேன்ட்லெஸாகவே நின்று பேசுகிறார். மன்னிப்புக் கேட்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

இந்தத் தடம் 7 நிமிடம் 22 விநாடி என்று காட்டும். பாட்டு அதற்கு வெகு முன்பே முடிந்து, நீண்ட நிசப்தம் தொடங்குகிறது. நான் பல மாதங்கள் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறேன். ஓர் இரவு நிறுத்த மறந்து படுத்திருந்தபோது, அறை முழுதும் அமைதியான பிறகு, அதே கிதார் மறுபடி கேட்டது. அதே மெட்டு. இம்முறை வெடர் பாடவில்லை. வாயைத் திறக்காமல் முனகுகிறார். சற்று முன் கேட்ட சொற்கள் எல்லாம் அந்த முனகலுக்கு அடியில் நம் நினைவிலிருந்தே எழுந்து வருகின்றன. வாங்கிக் கேட்பவர்கள் தயவுசெய்து அந்த நிசப்தத்தைத் தள்ளிவிடாமல், முழுமையாகக் காத்திருந்து கேளுங்கள்.