யூசிடிசி: வேலை வாஷிங்டனில், கிரெடிட் சொந்தக் கேம்பஸில்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கிற பிள்ளை, பட்டம் ஒரு பருவம்கூடத் தள்ளிப்போகாமல் வாஷிங்டனில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பல்கலைக்கழகமே வாஷிங்டனில் நடத்தும் யூசிடிசி நிகழ்ச்சியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அங்கே இருக்கும்போதும் பெர்க்லி கேம்பஸ் மாணவர் பெர்க்லி மாணவர்தான். பதிவு, கல்விக் கட்டணம், நிதியுதவி எல்லாம் சொந்தக் கேம்பஸிலேயே தொடரும். யூனிட்டும் (கிரெடிட்டை எண்ணும் அளவு) அதே டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், ஏறும். தனியார் அமைப்புகள் வழியாகப் போனால் பெரும்பாலும் அவர்களுக்குத் தனியாகப் பணம் கட்டி, கிரெடிட்டைக் கல்லூரியிடம் கேட்டு வாங்க வேண்டிவரும். அந்த அலைச்சல் இதில் இல்லை.

ஆனால் நிகழ்ச்சியில் இடம் கிடைத்துவிட்டால் வேலையும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ரெஸ்யூமே திருத்த, நேர்காணலுக்குத் தயார் செய்ய உதவி உண்டு. விண்ணப்பம் போட்டு இன்டர்ன்ஷிப்பைப் பிடிப்பது மாணவரின் பொறுப்பு.

கிரெடிட் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விதிப்படி ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு 3 மணி நேர உழைப்பு. வாரம் 24 மணி நேரம் வேலை பார்த்தால், 10 வார குவார்ட்டரில் 240 மணி நேரம். காகிதக் கணக்கில் 8 யூனிட். வேலையோடு கட்டாய செமினாரும் ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்துதான் முழுநேரப் படிப்புக்கான 12 யூனிட்டை எட்ட முடியும். யூசி கேம்பஸ்களில் பெர்க்லியும் மெர்செடும் நீண்ட பருவமான செமஸ்டர் முறை, மற்றவை குவார்ட்டர். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அலுவலகத்தில் பத்து வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வேலை பிடிபடும்போது கிளம்ப வேண்டியிருக்கும். இந்த விஷயத்தில் செமஸ்டர் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பட்டத்துக்கான மொத்த யூனிட்டில் சேர்வது வேறு, மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) கணக்காவது வேறு. இன்டர்ன்ஷிப் யூனிட்டுக்குப் பாஸ்/நோ பாஸ் மட்டும் தந்தால் அது ஜிபிஏவில் (சராசரி மதிப்பெண்ணில்) ஏறாது. மேஜர் பாடங்களுக்கு லெட்டர் கிரேடு கேட்கும் துறையில் அது உதவாது. செமினார் அப்பர் டிவிஷன் (உயர்நிலை) பாடமாக ஏற்கப்படுமா என்பதும் கேம்பஸுக்குக் கேம்பஸ் மாறும். எனவே டிக்கெட் போடுவதற்கு முன்பே துறை ஆலோசகரிடம் பாட எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்மொழி உறுதி பட்டத் தணிக்கையின்போது நிற்காது.

காங்கிரஸ் இன்டர்ன் வேலை என்றால் தொலைபேசி எடுப்பது, தொகுதி மக்களின் கடிதங்களைப் பிரிப்பது, காங்கிரஸ் கூடும் கேபிட்டல் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது, விசாரணைக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெழுதுவது. எளிய வேலைதான், ஆனால் ஒரு மசோதா மீது மக்கள் கோபம் எப்படித் திரளுகிறது என்பதை வகுப்பறையைவிட அந்தத் தொலைபேசி நன்றாகக் கற்றுத்தரும். கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது ஒரு எச்சரிக்கை: தொகுதி மக்கள் உதவி கேட்டு வரும் தனிப்பட்ட விவகாரங்கள் ரகசியம், அவற்றைக் கட்டுரையில் தொடக் கூடாது. அலுவலக ஊழியர்களைப் பேட்டி எடுப்பதென்றால் ஆய்வு நெறி அனுமதி தேவையா என்று முதல் வாரத்திலேயே செமினார் ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். பொதுவில் கிடைக்கும் விசாரணைப் பதிவுகளையும் வாக்கெடுப்புப் பதிவுகளையும் வைத்து எழுதுவது பாதுகாப்பான வழி.

மணி நேரம் குறைவது இன்னொரு சிக்கல். ஃபெடரல் விடுமுறை நாட்களில் அலுவலகம் மூடியிருக்கும். அந்த மணிகளை எப்படி ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. காங்கிரஸ் ஊழியர்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள் என்பதால், சூப்பர்வைசரின் மதிப்பீட்டுக் கையெழுத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: 2018இல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகு ஹவுஸ் (காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை) உறுப்பினர் அலுவலகங்களுக்கு இன்டர்ன் ஊதியத்துக்கென்றே நிதி உண்டு. வெள்ளை மாளிகை 2022இல் ஊதியம் தரத் தொடங்கியது. ஆனாலும் எல்லா இடமும் தராது. வாடகை, விமானச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து யூசியில் படிப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வெள்ளை மாளிகையும் வெளியுறவுத் துறையும் அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுக்கும். மற்ற இடங்களுக்குச் சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை பார்க்கும்) அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப்பும் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். வேலையில் சேரும் நாளுக்கு முன்பே ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் அனுமதி பதிவாகியிருப்பது கட்டாயம். வாரம் 20 மணிக்கு மேல் போனால் அது முழுநேரச் சிபிடி; அப்படி 12 மாதம் சேர்ந்தால் அதே பட்ட நிலைக்கான ஓபிடி (பெரும்பாலும் பட்டம் முடிந்தபின் பயன்படுத்தும் வேலை அனுமதி) போய்விடும். ஒரு பருவத்தால் அந்த ஆபத்து வராது.

தங்குமிடம் ரோட் ஐலண்ட் அவென்யூவில் யூசியின் சொந்த 11 மாடிக் கட்டடம். வகுப்பும் அதே கட்டடத்தில் நடப்பதால் மாலையில் களைத்து வரும்போது பெரிய ஆறுதல். செனட் (காங்கிரஸின் மற்றொரு சபை) அலுவலகம் என்றால் டூபான்ட் சர்க்கிளில் மெட்ரோ ரயிலின் ரெட் லைன் ஏறி நேராக யூனியன் ஸ்டேஷனில் இறங்கலாம். ஹவுஸ் என்றால் மெட்ரோ சென்டரில் மாறி கேபிட்டல் சவுத் போக வேண்டும்.