வாசலில் யார் வந்தாலும் நிற்கக்கூடிய நைட்டி

ஈரோடு ஜவுளிச் சந்தையில் வாங்கிய காலர் வைத்த காட்டன் நைட்டி இது. கெட்டித் துணி, கணுக்கால் வரை நீளம், முக்கால் கை, பக்கவாட்டில் பாக்கெட். முன்பக்கம் ஜிப்புக்குப் பதில் பட்டன். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், ஊடே எதுவும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்கள் அதிகம். பெரியப்பா வந்து நின்றால் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தோளில் போட ஓட வேண்டியதில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்படியே காபி போட்டுவிடலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் புடவைதான். நமக்காகக் கிளம்பி வருகிறவர்களுக்கு நாமும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற ஊரில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்தார்கள். படித்தபோது கோபம்தான் வந்தது. அடுப்படி வெக்கையில் நிற்பவளுக்குத்தான் இந்தத் துணியின் அருமை தெரியும். எப்போது எதை உடுத்துவது என்று வீட்டுக்காரியே முடிவு செய்யட்டும்.

ஒரே குறை, சாயம் போகிறது. முதல் தடவை தனியாக ஊறவையுங்கள். நான் வாங்கியதில் அடர் நீலத்தைவிட மெரூன் பரவாயில்லை.