காசு கொடுத்து ஷேடோயிங் வாங்காதீர்கள்: டென்டல் ஸ்கூலுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அமெரிக்காவில் டென்டல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஷேடோயிங் என்றால் பல் டாக்டரின் பக்கத்தில் நின்று அவர் வேலை செய்வதைப் பார்ப்பது. "ஷேடோயிங் மணி நேரத்தை நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம், டாக்டர் லெட்டரும் கியாரண்டி" என்று யாராவது பேக்கேஜ் போட்டு விற்றால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். எங்களிடம் ஏறக்குறைய நான்காயிரம் டாலர் வாங்கினார்கள். பணம் போனதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் தயாரித்துக் கொடுத்ததை என் மகள் அப்படியே விண்ணப்பத்தில் போட்டிருந்தால் அவள் டென்டல் கனவே அதோடு முடிந்திருக்கும்.

ஊரிலிருந்து வந்த நமக்கு இந்த ஷேடோயிங் சமாச்சாரமே புதிது. அங்கே பிளஸ் டூ, நீட், பிடிஎஸ் என்று நேராகப் போய்விடலாம். இங்கே முதலில் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பு, அதற்குப் பிறகு டிடிஎஸ் அல்லது டிஎம்டி என்ற பல் மருத்துவப் படிப்பு இன்னொரு நாலு வருஷம். பெயர் இரண்டாக இருந்தாலும் பட்டம் ஒன்றேதான். சேருவதற்கு முன்பே, ஒரு பல் டாக்டரின் நாள் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பல பள்ளிகளில் 100 மணி நேரம் என்பது பேச்சுவழக்காகிவிட்ட கணக்கு. சில பள்ளிகள் அதைவிடக் குறைவாகக் கேட்கும், சில எண்ணே சொல்லாது. பெரும்பகுதி பொது டென்டிஸ்டிடமும் கொஞ்சம் ஸ்பெஷலிஸ்ட்களிடமும் இருந்தால் நல்லது என்பார்கள். இந்த நூறு என்ற எண்தான் இவர்களுக்கு வியாபாரம்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். வாட்ஸாப் குரூப்பில் ஒரு ஏஜென்சியின் வெபினார் அழைப்பு வந்தது. பேசியவர் நம்மவர், நல்ல தமிழ், கனிவான குரல். பிறகு தனியாகவும் போன் செய்தார். "அக்கா, இப்பல்லாம் எந்த கிளினிக்கும் ஸ்டூடண்ட்ஸை உள்ளே விடறதில்ல. ஹிப்பா, லயபிலிட்டின்னு ஆயிரம் சொல்லுவாங்க. எங்க நெட்வொர்க்ல வந்தா பாப்பாவுக்கு மே மாசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. நோயாளியின் விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டம் 1996-லிருந்து இருக்கிறது. அதைக் காரணம் காட்டி மறுக்கும் கிளினிக்குகளும் இருக்கின்றன. ஆனால் பார்த்ததை வெளியே பேசமாட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாணவர்களை உள்ளே விடும் கிளினிக்குகளும் எத்தனையோ இருக்கின்றன. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பேக்கேஜ் மூன்று பகுதி: ஆன்லைன், உள்ளூர் கிளினிக், கடைசியில் சென்னையில் 'ஹேண்ட்ஸ் ஆன்', அதாவது கையால் செய்து பழகுவது. முதல் தவணைகளை ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். சென்னைப் பகுதிக்கான தொகை மட்டும் கார்டில் போனது. இந்த விவரத்தை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ஆன்லைன் பகுதி பதிவு செய்த வீடியோக்கள். ரூட் கனால், கிரவுன், இம்பிளாண்ட் என்று தலைப்பு மட்டும் மாறும். அதில் பலவும் யூடியூபில் இலவசமாகக் கிடைப்பவை என்று மகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். 2020 மார்ச்சில் கோவிட்டால் கிளினிக்குகள் மூடிக் கிடந்தபோது வேறு வழியில்லாமல் சில பள்ளிகள் ஆன்லைன் ஷேடோயிங்கை ஏற்றுக்கொண்டன. இப்போதும் விண்ணப்பத்தில் அதை ஆன்லைன் என்றே குறிப்பிட்டுப் போடலாம், தப்பில்லை. நேரில் நின்று பார்த்ததற்கு ஈடாக அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்களோ அந்த நேரத்தையும் கிளினிக் நேரத்தோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதச் சொன்னார்கள்.

உள்ளூர் கிளினிக்கில் அவளை ஃப்ரண்ட் டெஸ்கில் உட்கார வைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு இந்த நோயாளிக்கு இந்த வருஷம் இன்னும் எவ்வளவு கவரேஜ் பாக்கி இருக்கிறது என்று கேட்பது, மறுநாள் அப்பாயின்ட்மென்டை நினைவூட்டுவது, கோப்பு அடுக்குவது. சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வைக்க வேண்டிய வேலை. அதை எங்கள் காசில் எங்கள் பிள்ளை செய்தாள். டாக்டர் வேலை செய்யும் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கேட்டால், இன்றைக்கு பிஸி, நாளைக்கு என்று பதில் வரும். கடைசியில் ஒரு படிவம் கையில் வந்தது. கிளினிக் முத்திரை, டாக்டர் கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தன. 'ஷேடோ செய்த மணி நேரம்' என்ற கட்டம் மட்டும் காலி. "எவ்ளோ வேணுமோ போட்டுக்கோங்க, டாக்டர் ஓகே சொல்லிட்டாரு" என்றார் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர். மகள் அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "அம்மா, இது பிளாங்க் செக் மாதிரி இருக்கு" என்றாள். நான் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். இன்றைக்குப் புகாருக்கு அதுதான் முதல் ஆதாரம்.

பெற்றோர் பலருக்கும் தெரியாத இடம் இது. விண்ணப்பம் ஆட்சாஸ் என்ற பொது முறை வழியாகப் போகிறது. டெக்சஸ் பள்ளிகளுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி முறையும் உண்டு. எங்கே ஷேடோ செய்தாய், யார் மேற்பார்வை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று அதில் விவரமாகக் கேட்கிறார்கள். சொன்னதெல்லாம் உண்மை என்று விண்ணப்பிப்பவரே உறுதிமொழி கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்யலாம். அப்போது ஏஜென்சிக்காரர் வந்து நிற்க மாட்டார். இன்டர்வியூவில், "அந்த கிளினிக்கில் நீ பார்த்ததில் உன்னை யோசிக்க வைத்த கேஸ் எது?" என்று ஒரு கேள்வி வந்தாலே போதும். இன்சூரன்ஸ் போனில் காத்திருந்த பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இனி சென்னை. இதை எழுதும்போது எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இலவசப் பல் முகாம். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, ஒரு மேஜை, டார்ச், ஸ்டீல் ட்ரேயில் கருவிகள். அமெரிக்காவிலிருந்து போன பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். கோட்டைப் பார்த்து ஒரு பெரியவர் என் மகளை "டாக்டரம்மா" என்று கும்பிட்டிருக்கிறார். கீழ் முன்பல் ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை என்றாராம். அங்கிருந்தவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸை இவள் கையில் கொடுத்து, "ஆடற பல்லுதான், நீயே எடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றிருக்கிறார். இன்னொருவர் போட்டோ எடுக்க மொபைலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவளுக்குப் பத்தொன்பது வயது. பல் மருத்துவத்தில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. "தாத்தாவுக்கு சுகர், பிபி இருக்கான்னு கேட்டீங்களா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டாளாம். யாரும் கேட்டிருக்கவில்லை. அவரையே கேட்டபோது, இதயத்துக்குத் தினமும் ஏதோ மாத்திரை போடுவதாகச் சொன்னார். இவள் ஃபோர்செப்ஸை ட்ரேயில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அந்தப் பெரியவர் என் அப்பா வயது. இலவசம் என்பதற்காக அவர் வாயை வெளிநாட்டுப் பிள்ளைகள் பழகிப் பார்க்கும் இடமாக ஆக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தியாவில் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது. கிராமம் என்றால் அந்தச் சட்டம் மாறிவிடாது. இங்கே அமெரிக்காவிலும், பல் மருத்துவக் கல்விச் சங்கமான ஏடிஇஏ இதற்கென்றே வழிகாட்டு நெறி வைத்திருக்கிறது. டென்டல் ஸ்கூலில் சேராத மாணவர்கள் வெளிநாட்டுக்குப் போய் நோயாளிக்குச் சிகிச்சை செய்யக் கூடாது, இங்கே செய்ய முடியாததை அங்கேயும் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். ஆக, 'பல் பிடுங்கினேன்' என்று பெருமையாக எழுதினால், அதுவே அட்மிஷன் கமிட்டிக்கு உங்கள் பிள்ளைமீது சந்தேகம் வரக் காரணமாகும். இவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த முதல் வரியே அந்த 'ஹேண்ட்ஸ் ஆன்' வாய்ப்புதான்.

கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆட்சாஸில் நாலு சிபாரிசுக் கடிதம் வரை போடலாம். எழுதுபவரே நேராக இணையத்தில் ஏற்ற வேண்டும், மாணவர் கைக்கு அது வரவே கூடாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. எங்களுக்கோ 'சரிபார்த்துச் சொல்லவும்' என்று மின்னஞ்சலிலேயே அனுப்பினார்கள். முதல் பத்தியில் மகளின் பெயர், மூன்றாவது பத்தியில் 'அவன்' என்று ஒரு பையனுக்கு எழுதியது. அதோடு, கடிதம் ஏற்ற வேண்டிய டாக்டரின் முகவரி என்று ஒரு ஜிமெயில் ஐடி கொடுத்தார்கள். கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டால், டாக்டருக்கு அப்படி ஒரு ஐடியே கிடையாது.

பணத்தைக் கேட்டபோது ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். மூன்றாம் பகுதி தொடங்கிவிட்டால் திருப்பித் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் இருந்தது. கார்டில் போன தொகைக்கு, இந்தக் கட்டணத்தை ஏற்க முடியாது என்று வங்கியில் டிஸ்ப்யூட் போட்டோம். வெற்றுப் படிவம், 'அவன்' கடிதம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்தோம். அந்தத் தொகை திரும்பி வந்தது. ஸெல்லில் அனுப்பியது வரவில்லை. நாமே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. தள்ளுபடி எதற்குக் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஷேடோயிங்குக்கு இந்த நாட்டில் காசு தேவையில்லை. அதன்பிறகு மகள் சேர்த்த நேரம் முழுவதும் இலவசம். சின்ன வயதிலிருந்து அவள் பல்லைப் பார்த்து வந்த டென்டிஸ்டிடம் முதலில் கேட்டாள், உடனே சரி என்றார். அவரே பல்வரிசையைச் சீராக்கும் ஒரு ஆர்த்தோடான்டிஸ்டுக்கும், வாய் அறுவை சிகிச்சை செய்யும் ஒரு ஓரல் சர்ஜனுக்கும் சொல்லி வைத்தார். மற்ற கிளினிக்குகளுக்கு அவளே போன் செய்தாள், சில இடங்களுக்கு ஒரு பக்கக் கடிதத்தோடு நேரில் போனாள். நிறையப் பேர் முடியாது என்றார்கள், சிலர் வரச் சொன்னார்கள், அது போதும். சமுதாய சுகாதார மையங்களின் பல் பிரிவில் கேட்கலாம். கல்லூரியில் ப்ரீ டென்டல் கிளப் இருந்தால் சீனியர் பிள்ளைகளுக்கு எந்த டாக்டர் உள்ளே விடுவார் என்று தெரிந்திருக்கும். பிப்ரவரியில் 'கிவ் கிட்ஸ் எ ஸ்மைல்' என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2003-லிருந்து நடத்தும் இலவசச் சிகிச்சை நாள் உண்டு. அதில் தன்னார்வலராகப் போகலாம்.

நல்ல டாக்டரிடம் எப்படி இருக்கும் என்பதையும் அவள் சொல்லக் கேட்டேன். நாற்காலியில் இருப்பவரிடம் டாக்டர் முதலில், "இவங்க மாணவி, பக்கத்துல நின்னு பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்பார். வேண்டாம் என்றால் இவள் வெளியே. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் ஆழத்தை ப்ரோப் என்ற மெல்லிய கருவியால் அளந்து, பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் மூன்று, இரண்டு, மூன்று என்று மில்லிமீட்டரில் சொல்லச் சொல்ல அசிஸ்டென்ட் பதிந்துகொண்டே போவார். திடீரென்று ஆறு என்று ஒரு எண் வரும், டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். மூன்று வரை ஆரோக்கியம், ஆறு என்றால் எலும்பு கரைந்திருக்கலாம் என்று பிறகு விளக்குவார். அதை அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எனக்குச் சொல்லித் தந்தாள். நோயாளி பெயர் இல்லாமல் தேதி, நேரம், பார்த்தது என்ன என்று தினமும் நோட்டில் எழுதி வைக்கிறாள். டாக்டரிடம் வாரா வாரம் அதிலேயே கையெழுத்து வாங்குகிறாள். சில பள்ளிகள் கையெழுத்துப் போட்ட படிவம் கேட்கும்போது அந்த நோட்டு உதவும்.

நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவில் அந்த நிறுவனத்தின்மீது புகார் கொடுத்திருக்கிறோம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றி மாநிலப் பல் மருத்துவ போர்டுக்கும் எழுதியிருக்கிறோம். இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் அந்த போன் பேச்சு, மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். சட்டம் கொடுக்கும் கெடு அவ்வளவுதான். உங்கள் ஸ்டேட்மென்ட் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.