ஏற்காட்டு வீட்டுக்கு இன்டீரியர் வேலை கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சேலத்தில் ஷோரூம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஏற்காட்டில் உள்ள என் பெற்றோர் வீட்டு வேலையைக் கொடுத்தோம். சோபா, அலமாரி, டைனிங் டேபிள் தொடங்கி சுவரில் மாட்டும் படம் வரை எல்லாவற்றையும் அவர்களே கொண்டுவந்து, அந்தந்த இடத்தில் வைத்தும் கொடுப்பார்கள் என்று பேச்சு. மொத்தம் 4,80,000 ரூபாய். அதில் 4,32,000 வாங்கிக்கொண்டார்கள். வந்து இறங்கியது வேறு அளவு, வேறு பலகை, வேறு மரம். போதாததற்கு அம்மாவின் பழைய பீரோவில் இருந்த கண்ணாடியும் போய்விட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். மலை மேல் வீடு வாங்கிவிட்டு, கீழே சேலத்திலோ வெளியூரிலோ இருந்துகொண்டு வேலை வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

முதலில் காட்டியது ஒரு 3டி படம். எங்கள் ஹால் 14 அடிக்கு 11 அடி, பெரிய ஹால் இல்லை. படத்திலோ மூன்று பேர் உட்காரும் சோபா, எதிரே இரண்டு ஒற்றை சோபா, நடுவில் டீபாய், மூலையில் உயரமான விளக்கு, ஓரத்தில் ஊஞ்சல் நாற்காலி எல்லாம் இருந்தும் தாராளமாக நடக்க இடம் இருந்தது. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நீங்க சாவியை மட்டும் கொடுங்க மேடம், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் ஷோரூம்காரர்.

இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பிறகு ஒரு ஆர்க்கிடெக்ட் விளக்கினார். கம்ப்யூட்டரில் சுவரை மறைத்துவிட்டு, கேமராவை அறைக்கு வெளியே வைக்கலாம். அகலக் கோணத்தில் எடுத்தால் சின்ன அறையும் மண்டபம் போல விரியும். அதோடு, எங்கள் படத்தில் பெரிய சோபாவை 6 அடி நீளத்துக்குத்தான் வரைந்திருந்தார்கள். வந்து இறங்கியது ஏழரை அடி. ஆழம் 3 அடிக்கும் மேல். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி ஒன்றரை அடியாகச் சுருங்கிவிட்டது. அப்பா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வாக்கரே இரண்டடி அகலம். முதல் நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர், "கண்ணு, இந்தப் பக்கம் போக முடியலையே" என்று நடு ஹாலில் நின்றபடி கூப்பிட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அப்பா வாக்கரில் நடக்கிறார் என்று வேலை பேசிய அன்றே சொல்லியிருந்தோம். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன்.

வீட்டுக்குள் ஆள் நடமாடும் முக்கிய வழிக்கு 3 அடியாவது விட வேண்டும். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி. டைனிங் நாற்காலியை இழுத்து உட்கார, டேபிள் விளிம்பிலிருந்து சுவர் வரை 3 அடி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆகவே படத்தோடு நிறுத்தாதீர்கள். மேலிருந்து பார்ப்பது போன்ற பிளான் ஒன்றை வாங்குங்கள். ஒவ்வொரு பொருளின் நீளம், ஆழம், உயரமும், இடையில் விடும் வழியின் அகலமும் அடி அங்குலத்தில் அதில் இருக்க வேண்டும். கீழே அவர்கள் கையெழுத்தும் வேண்டும். பிறகு அந்த அளவுக்குத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வீட்டில் இருப்பவர்களை அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு டேப் ரோல் செலவுதான்.

அடுத்தது பலகை. கொட்டேஷனில் அலமாரிக்கும் டிவி யூனிட்டுக்கும் "710 கிரேடு மரைன் பிளை", அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட், என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஏற்காட்டில் இது ஆடம்பரம் இல்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அங்கே பெய்யும், அக்டோபருக்குப் பின் வடகிழக்கும் பெய்யும். மழை இல்லாத நாளில் பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும். சேலத்து வெயிலில் பத்து வருஷம் தாங்கும் சாமான் மேலே வந்தால் தாங்காது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரநிலை எண்ணைத்தான் 710 கிரேடு என்கிறார்கள்; அது கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கப்படும் தரம். அதற்கடுத்த பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) கிரேடு, ஐஎஸ் 303-இல் வருவது, அதற்கு 8 மணி நேரச் சோதனை. எங்களுக்கு வந்தது இரண்டும் இல்லை, மேலே மைக்கா ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்வது அது.

ஒரு மழைக்காலம் கூடத் தாங்கவில்லை. அலமாரியின் அடிப்பாகம் உப்பியது, ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்தது, கதவின் கீல் திருகோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. திருகு இருந்த ஓட்டையில் விரலை விட்டால் தூள் கொட்டியது. பிளைவுட் என்றால் அந்த ஓட்டையில் அடுக்கு அடுக்காக மரம் தெரியும்.

மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதைத்தான் இவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன் பட்டறைக்குப் போய்ப் பலகையைப் பாருங்கள். பலகையின் மேலேயே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, இப்போது செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். பட்டறையைக் காட்ட மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த அலமாரியை வைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். மேற்குப் பக்க வெளிச்சுவரில், இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்து, ஜன்னலில் பாதியையும் மறைத்துவிட்டார்கள். மழைச் சாரல் அடிப்பது அந்தச் சுவரில்தான். காற்று போக வழி இல்லாமல் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சை. அம்மாவின் பட்டுப்புடவைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. மலை வீட்டில் அலமாரி, கட்டில், புத்தக ஷெல்ஃப் எதுவானாலும் உள்சுவரில் வைப்பது நல்லது. வெளிச்சுவரில்தான் இடம் என்றால் இரண்டு மூன்று அங்குலமாவது தள்ளி, அடியில் கால் வைத்துத் தரையிலிருந்தும் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

டைனிங் டேபிளை "தேக்கு" என்று போட்டு 85,000 ரூபாய் கணக்குக் காட்டியிருந்தார்கள். கீல் சரிசெய்ய வந்த உள்ளூர் ஆசாரி டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மேலேதான் பாலிஷ், அடியில் லேசாகச் சாயம் மட்டும். உளியால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, "அம்மா, இது தேக்கு இல்லைங்க. நம்ம எஸ்டேட் சில்வர் ஓக்குங்க" என்றார். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நட்டு, மிளகுக்கொடி ஏற்றிவிடுகிற அதே மரம். அறுத்த முகத்தில் வலைப்பின்னல் மாதிரி பளபளக்கும் ரேகை ஓடும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. தேக்கில் அந்த ரேகை இருக்காது, சுரண்டினால் எண்ணெய்ப்பசையோடு ஒரு தனி வாசனையும் வரும். சில்வர் ஓக்கைக் குறை சொல்லவில்லை. பதப்படுத்திச் செய்தால் நல்ல சாமான்தான். சில்வர் ஓக் என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்டிருந்தால் நாங்களே சந்தோஷமாக வாங்கியிருப்போம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் மரத்தைச் சாயம் பூசி, தேக்கு விலைக்கு எங்களிடமே விற்றிருக்கிறார்கள்.

அலங்காரப் பொருட்களிலும் இதே கதை. பித்தளை உருளி என்று பில் போட்டதில் ஃபிரிட்ஜ் காந்தம் ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே முலாம். சுவர்ப் படங்களை நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குள் வந்தால்தான் கண்ணுக்கு நேராக இருக்கும். டீபாய்க்குக் கீழே விரித்த கார்ப்பெட் டைல்ஸில் வழுக்கியது. வாக்கர் உள்ள வீட்டில் அது ஆபத்து என்று அன்றைக்கே சுருட்டி வைத்துவிட்டோம்.

எல்லாவற்றையும் விட எங்களுக்கு வலித்தது பீரோதான். அம்மாவுக்குச் சீதனமாக வந்த தேக்கு பீரோ. கதவில் ஓரம் சரிவாகத் தேய்த்த பழைய பெல்ஜியம் கண்ணாடி, கனமான பித்தளைக் கைப்பிடிகள். "இதுதான் மேடம் ஹாலோட ஹைலைட், பாலிஷ் போட்டுக் கொண்டுவர்றோம்" என்று எடுத்துப்போனார்கள். கொடுத்த ரசீதில் "பழைய பீரோ 1" என்று மட்டும் இருந்தது. திரும்பி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடியின் ஓரத்தில் சரிவு இல்லை, கைப்பிடிகள் லேசாக இருந்தன. கேட்டதற்கு, "முதல்லயே இப்படித்தான் இருந்தது" என்று கூசாமல் சொன்னார்கள். அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். பழைய பொங்கல் ஃபோட்டோ ஒன்றில் பீரோ தெளிவாக விழுந்திருந்தது. அதில் கண்ணாடியின் சரிவும் கைப்பிடியின் வடிவமும் தெரிகின்றன. இப்போது அதுதான் எங்கள் சாட்சி.

உங்கள் வீட்டுப் பழைய சாமான் பாலிஷுக்குப் போவதாக இருந்தால், கைப்பிடி, பூட்டு, கண்ணாடி, உள் இழுப்பறை எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே அனுப்பி, "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வாங்குங்கள். முடிந்தால் ஆளை வீட்டுக்கு வரவழைத்து வாசலிலேயே பாலிஷ் போடச் சொல்லுங்கள். நாள் கூலி கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

பணம் வாங்கிய முறையும் கவனிக்க வேண்டியது. வேலை தொடங்க 60 சதவீதம், லோடு லாரியில் ஏறியதும் 30, மாட்டி முடித்ததும் 10. லாரியில் ஏறும்போது எல்லாம் பபிள் ஷீட்டில் சுற்றித்தான் இருக்கும். பொருளைப் பிரித்துப் பார்ப்பதற்குள் 90 சதவீதம் போய்விடும். அதற்குப் பிறகு, மலை ஏற்றுக் கூலி தனி, கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டி திரும்பாது, சின்ன வண்டியில் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் மொத்தத் தொகையில் சேர்ந்தது என்று முன்பே எழுதி வாங்குங்கள். பெரிய தவணையைப் பொருளை வீட்டில் பிரித்து அளந்து பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். பாதியை ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம் என்று எங்களிடமும் கேட்டார்கள். வங்கி வழியாகத்தான் கொடுப்போம் என்று அப்பா உறுதியாக இருந்தார். இன்று ஒவ்வொரு ரூபாய்க்கும் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். "டிசைனை வாடிக்கையாளரே ஓகே செய்தார்" என்று ஷோரூம்காரர்களிடமிருந்து பதில் வந்தது. வக்கீல் நோட்டீஸ் போனதும் குரல் மாறியது. 40,000 ரூபாய் தருகிறோம், இனி எந்தப் புகாரும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அப்பா மறுத்துவிட்டார். இப்போது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் கொடுக்காமல் இருப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். இன்னொன்று, கெட்டுப்போன பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆணையம் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பச் சொல்லலாம். எங்கள் அலமாரியின் உப்பிய கதவைத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறோம்.

மீதி 48,000 ரூபாயைக் கேட்டு அவர்கள் ஆபீஸிலிருந்து இன்னும் ஃபோன் வருகிறது. எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிடுகிறோம். இதுவரை ஒரு வரி கூட எழுத்தில் வரவில்லை.