காண்டினென்டல் ஜிபி 5000 எஸ் டிஆர்: பல கட்டப் பந்தயத்துக்குத் தாங்குமா?

மலேசியாவில் பல கட்டச் சாலைப் பந்தயத்துக்குப் போகும் நம் சிங்கப்பூர் இளம் சைக்கிளோட்டிகள், இந்த டியூப்லெஸ் (உள்ளே தனி டியூப் இல்லாத) டயரில் 28 மில்லிமீட்டர் அகலத்தையே வாங்குங்கள். எடை சுமார் 280 கிராம். 25 மில்லிமீட்டர் டயர் இதைவிட இலகு என்பது உண்மைதான். ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து ஓட்டும்போது கையும் இடுப்பும் அதிர்வால் சோர்ந்துபோகாமல் இருப்பதே முக்கியம். நனைந்த வளைவுகளிலும் பிடிப்பு அருமை.

60 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 62, பின்சக்கரத்தில் 66 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துத் தொடங்கலாம். மழை என்றால் ஐந்து குறையுங்கள். ஹுக்லெஸ் ரிம்மில் (ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத சக்கர வளையத்தில்) 72-ஐத் தாண்டவே கூடாது, டயர் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

மாட்டுவதுதான் பாடு. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டே வந்து வால்வில் முடிக்க வேண்டும். பள்ளத்தில் இறங்காவிட்டால் டயரின் கடைசிப் பகுதி ஏறாது. நெம்புகோலால் மல்லுக்கட்டினால் ரிம் டேப் (ரிம்மின் துளைகளை மூடும் பட்டை) கிழியும், பிறகு காற்று நிற்காது. சிறு ஓட்டைகளை அடைக்கும் திரவமான சீலண்ட் 30 முதல் 40 மில்லி ஊற்றுங்கள். நம்மூர் வெப்பத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை பாருங்கள். காய்ந்த சீலண்ட் வால்வையும் அடைக்கும், உதிரி வால்வு கோர் (வால்வின் கழற்றக்கூடிய உள்பாகம்) பையில் இருக்கட்டும்.

பந்தயத்துக்கு முந்தின இரவு புது டயர் மாட்டாதீர்கள்! காற்றுக் கசிவு தெரிய சில நாள் ஆகும். பக்கவாட்டில் பெரிதாகக் கிழிந்தால் சீலண்ட் அடைக்காது. டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒட்டுத்துண்டு வைத்துச் சாதாரண டியூப் போட வேண்டியதுதான்.