மணம் வருவது 80ஆம் நாள், ரிட்டேர்ன் முடிவது 30ஆம் நாள்: கார்பன் ஃபில்டர் வாங்குவோர் கவனத்துக்கு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு 4 கஞ்சாச் செடி வளர்க்கலாம். ஆளுக்கு 4 இல்லை, வீட்டுக்கு 4. கியூபெக்கில் அதுவும் கிடையாது. இந்த நாலு செடியை நம்பி ரொறன்ரோவைச் சுற்றி ஒரு வியாபாரம் ஓடுகிறது. கூடாரம், லைட், ஃபேன், கார்பன் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, "மணமே வெளியே வராது" என்று எழுதி விற்கிறார்கள். இந்தப் பதிவு அந்த ஃபில்டரைப் பற்றியது: ஃபேன் இழுக்கும் காற்றைக் கரி வழியே விட்டு மணத்தைப் பிடிக்க வேண்டிய உருளை. லைட்டைப் பற்றித் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டுக்கு வந்த செட் இது. 4×4 அடிக் கூடாரம், 6 அங்குல ஃபேன், 6 அங்குல ஃபில்டர். ஃபில்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் 400 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி காற்று. முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் முடியாது, இலை விடும் பருவத்தில் செடி அவ்வளவாக மணக்காது. பூ வைத்து நாலைந்து கிழமை போன பிறகுதான் மிர்சீன், லிமோனீன் போன்ற டெர்பீன்கள் (செடியின் மண எண்ணெய்கள்) பெருகுகின்றன. கூடவே கந்தகச் சேர்மங்களும் வருகின்றன. அந்த ஸ்கங்க் நாற்றத்துக்குக் காரணம் அவைதான். துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இங்கேயும் அப்படித்தான்: பூ வைத்த ஐந்தாம் கிழமை மணம் மேல்வீட்டுச் சமையலறை வரை போய்விட்டது.

விற்றவரிடம் கேட்டால் முதல் பதில், "கூடாரத்தில் எங்கேயோ ஓட்டை." இரண்டாவது பதில், 25 டொலருக்கு ஒரு மண ஜெல் டப்பா. மூன்றாவது பதில், ஓசோன் மெஷின். காசைத் திருப்பிக் கேட்டபோது, 30 நாள் தாண்டிவிட்டது என்றார்கள். சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ஃபில்டர் வேலை செய்கிறதா என்று மூக்கால் தெரிந்துகொள்ளக் குறைந்தது 80 நாளாவது ஆகும். ஆகவே மூக்கை நம்பாமல், பெட்டி வந்த அன்றே தராசையும் அளவு நாடாவையும் எடுக்க வேண்டும்.

பிரித்து அளந்தபோது கிடைத்த கணக்கு இது. உள்குழாயின் விட்டம் 150 மி.மீ., வெளிவிட்டம் 194 மி.மீ. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவே கரி நிற்கும் படுகையின் தடிப்பு வெறும் 22 மி.மீ. நீளம் 300 மி.மீ. உள்ளே கரி நிற்கும் இடம் ஏறக்குறைய 3.6 லீற்றர், கொட்டி நிறுத்தால் கரி 1.8 கிலோ. 400 சிஎஃப்எம் என்றால் வினாடிக்கு 189 லீற்றர் காற்று. 3.6 லீற்றர் கரிக்குள் அந்தக் காற்று தங்கும் நேரம் 0.02 வினாடிக்கும் குறைவு. மணம் கரியில் ஒட்ட வேண்டுமென்றால் 0.1 வினாடியாவது வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் இந்த ஃபில்டர் தாங்குவது சுமார் 75 சிஎஃப்எம். பெட்டியில் இருப்பது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது: 400 சிஎஃப்எம் காற்று அதற்குள் போகும். மணத்தோடு போய் மணத்தோடு வெளியே வரும், அவ்வளவுதான்.

ஒழுங்கான 6 அங்குல ஃபில்டர் எப்படி இருக்கும்? படுகை 38 மி.மீ.க்குக் குறையாது, நீளம் 400 மி.மீ.யாவது இருக்கும். கரி மட்டும் 4 கிலோவுக்கு மேல். தகரக் கூட்டையும் சேர்த்தால் ஒரு கையால் தூக்கிக் கூடாரக் கம்பியில் மாட்டுவது கஷ்டம். அதுவும் ஏறக்குறைய 200 சிஎஃப்எம்முக்குத்தான் சரியாக வேலை செய்யும். பெட்டியை வாங்கும்போதே இலேசாக இருந்தால் அங்கேயே யோசியுங்கள். இன்னொரு சோதனை: ஃபில்டரைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். கரி சலசலவென்று ஓடினால் இறுக்கி நிரப்பவில்லை. படுக்கவைத்துத் தொங்கவிட்டதும் கரி கீழே இறங்கி மேல்பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு விழும். காற்று வசதியான வழியைத்தான் பார்க்கும், அந்தக் கோட்டாலேயே முழுக்கப் போய்விடும். 1.8 கிலோ கரி இருந்தும் பயனில்லாமல் போவது அப்படித்தான்.

உண்மையில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்தால் 400 என்ற எண்ணே வீண் பந்தா. 4×4 அடி அகலம், ஆறரை அடி உயரம் உள்ள கூடாரத்தின் கொள்ளளவு 104 கன அடி. நிமிடத்துக்கு ஒரு தரம் காற்று மாறினால் போதும், அதாவது 100 சிஎஃப்எம். ஃபில்டரின் தடை, குழாயின் வளைவுகள் எல்லாம் கால்வாசியைத் தின்றுவிடும். ஆகவே 150 முதல் 200 சிஎஃப்எம் ஃபேனை வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே சரி. குறைந்த வேகத்தில் காற்று கரிக்குள் கூடுதல் நேரம் நிற்கும், சத்தமும் குறையும்.

மாட்டும் வரிசையையும் செட்டோடு வரும் தாளில் பிழையாகப் படம் போட்டிருந்தார்கள். ஃபேன் கூடாரத்துக்குள், ஃபில்டர் குழாயின் கடைசி நுனியில். இப்படி வைத்தால் ஃபேனுக்குப் பிறகு உள்ள குழாய் முழுவதும் மணக்கும் காற்று அழுத்தத்தோடு நிற்கும். ஒவ்வொரு பொருத்திலும் கசியும். சரியான வரிசை: கூடாரத்தின் உச்சியில், சூடான காற்று சேரும் இடத்தில் ஃபில்டர்; அதிலிருந்து இழுக்கிற மாதிரி ஃபேன்; அதற்குப் பிறகுதான் வெளியே போகும் குழாய். குழாய்க்கு வந்து சேரும் காற்று ஏற்கெனவே சுத்தமானது, கசிந்தாலும் மணக்காது. பொருத்துகளை அலுமினியத் தாள் டேப்பால் ஒட்டுங்கள். துணி டேப் சூட்டில் காய்ந்து சில மாதத்தில் உரிந்துவிடும். ஃபில்டருக்கு மேலே போடும் வெள்ளைத் துணி உறையைத் தூக்கி எறியாதீர்கள், தூசி கரியை அடைக்காமல் காப்பது அதுதான்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, கூடாரத்தின் ஸிப், குழாய் நுழையும் ஓட்டை, கீழ் மூலைகள் எல்லாவற்றுக்கும் அருகே வெளிப்பக்கம் புகையைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். கூடாரச் சுவரும் கொஞ்சம் உள்வாங்கி நிற்க வேண்டும். உள்ளே இழுக்கும்வரை சின்ன ஓட்டையால் மணம் வெளியே வராது. "கூடாரத்தில் ஓட்டை" என்ற பதிலுக்கு இது போதுமான மறுபதில்.

ஆனால் அந்த இழுவை 24 மணி நேரமும் இருக்க வேண்டும். செட்டோடு வந்த கன்ட்ரோலர் வெப்பத்தை மட்டும் பார்த்து ஃபேனை நிறுத்தும் வகை. லைட் அணைந்ததும் கூடாரம் குளிரும், ஃபேன் நிற்கும். அதே நேரம் ஈரப்பதம் ஏறும், செடி மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இரவில் மட்டும் மணக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குறைந்தபட்ச வேகம் ஒன்றை நிரந்தரமாக வைக்க முடியாத கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் நல்ல கரியும் தோற்கும், ஏனென்றால் கரியின் நுண்துளைகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். பூக்காலத்தில் 50க்குக் கிட்ட வைத்திருந்தால் பூவில் பூஞ்சையும் பிடிக்காது, ஃபில்டருக்கும் நல்லது. அறுத்துக் காயப்போடும் 7 முதல் 10 நாள்தான் மணம் உச்சத்தில் இருக்கும். அறுவடை முடிந்தது என்று அன்றே ஃபில்டரை நிறுத்துகிறவர்கள் அந்தக் கிழமையில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

ஜெல் டப்பா நாற்றத்தைப் போக்காது, அதன்மேல் இன்னொரு நாற்றத்தைப் பூசும். கூடாரத்துக்குள் வைத்தால் பூவே லெமன் சோப் மாதிரி மணக்கும். ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. இவை இரண்டாலும் காசுதான் போகும். ஓசோன் மெஷின் அப்படியில்லை, ஆபத்து. வீட்டுக்குள் ஓசோன் 8 மணி நேரச் சராசரியில் 20 பிபிபியை (நூறு கோடியில் 20 பங்கு) தாண்டக்கூடாது என்பது ஹெல்த் கனடாவின் அளவு. அந்த அளவில் ஓசோன் மணத்தை ஒன்றும் செய்யாது. மணத்தைக் கொல்லும் அளவுக்கு விட்டால் நெஞ்சு எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கும். போதாததற்கு, ஓசோனும் லிமோனீனும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைட் உண்டாகும். பிள்ளைகள் படுக்கும் வீட்டில் இதை "காற்றுச் சுத்திகரிப்பு" என்று விற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

பொருத்தித் தருகிறோம் என்று வருகிறவர்களிலும் கவனம் தேவை. குழாயைக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள அட்டிக்குக்குள் விட்டுவிட்டுப் போகிறார்கள். 22 பாகை, 50 விழுக்காடு ஈரம் உள்ள காற்றை 100 சிஎஃப்எம்மில் தள்ளினால் மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் அங்கே போகிறது. ஜனவரியில் அது கூரைப் பலகையில் உறைந்து, மார்ச்சில் உருகிச் சீலிங்கில் வட்டம் போடும். இன்னொன்று இதைவிட மோசம்: பழைய வகை காஸ் ஹீட்டர் உள்ள பேஸ்மென்டில் காற்றை ஓயாமல் வெளியே இழுத்தால், புகைக்குழாயால் மேலே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் வரும். கார்பன் மோனாக்சைட் அலாரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். ஃபில்டர் சரியானதென்றால் சுத்தமான காற்றை அதே அறைக்குள் விட்டு, ஒரு டிஹியூமிடிஃபையரை ஓடவிடுவதே பல வீடுகளுக்குப் போதும்.

பழைய கரியைச் சமையலறை அவனில் (oven) சூடாக்கினால் புதுசாகிவிடும் என்று சொல்லி "ரீஆக்டிவேட்" செய்த கரிப் பை விற்பவர்களும் உண்டு. கரியை மீட்க நீராவியோடு 800 பாகை போன்ற சூடு வேண்டும். வீட்டு அவனில் கரியிலுள்ள ஈரம் போகும், வீடு முழுக்க நாறும், வேறொன்றும் நடக்காது.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு இந்த ஏமாற்று இன்னும் கூடச் செலவு வைக்கும். முதலில் உங்கள் கொண்டோ விதி வளர்க்கவே விடுகிறதா என்று பாருங்கள், பல இடங்களில் விடுவதில்லை. 2022 ஜனவரி 1 முதல் மணத் தொல்லை வழக்கையும் ஒன்டாரியோவின் கொண்டோ தீர்ப்பாயம் எடுக்கிறது. அங்கே போய் "பெட்டியில் 400 என்று போட்டிருந்தது" என்றால் எடுபடாது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் 30 நாள் முடிந்தது என்று விட்டுவிட வேண்டியதில்லை. "மணமே வெளியே வராது" என்று இல்லாத தகுதி சொல்லி விற்றது ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வியாபாரம். வாங்கி ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம். ஃபில்டரைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம், படுகைத் தடிப்பின்மேல் அளவு நாடா வைத்து ஒரு படம், பெட்டியின் 400ஐ ஒரு படம். விளம்பரப் பக்கத்தையும் அன்றே படமெடுத்து வையுங்கள், புகார் போனதும் அந்த எண் மாறிவிடும். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் இதே மூன்று படத்தோடு கார்ட் கம்பெனிக்கும் எழுதுங்கள்.